பேட்டரி போனா நீங்க திருடனா? கார் ஸ்டீரியோ கேட்கும் நாலு எண்கள்

பேட்டரி மாத்தியாச்சு. சாவியைத் திருப்பினா ஒரே செல்ஃப்ல வண்டி எடுக்குது. ஏசி ஓடுது, ஹாரன் அடிக்குது, ஹெட்லைட் எரியுது. ஸ்டீரியோ மட்டும் பாட மாட்டேங்குது. டிஸ்ப்ளேவில் 'கோட்' இல்லன்னா 'சேஃப்'னு ஒரு வார்த்தை, பக்கத்தில் நாலு சின்னக் கோடு. எந்த பட்டனை அழுத்தினாலும் அதே பதில்தான்.

உங்க வீட்டில் பத்து வருஷத்துக்கு மேல் ஓடின கார் இருந்தா, அதுவும் செகண்ட் ஹேண்ட்ல வாங்கினதா இருந்தா, இது உங்களுக்கும் ஒருநாள் நடக்கலாம். அன்னிக்குப் பக்கத்துல நிக்கிற மூணு பேர் மூணு யோசனை சொல்வாங்க. "செட்டு போயிடுச்சு, புதுசு போட்டுடலாம்" என்பார் ஒருத்தர். "ஃப்யூஸ் போயிருக்கும்" என்பார் இன்னொருத்தர். "நாலு நம்பர்தானே, போட்டுப் போட்டுப் பாரு" என்பார் மூணாவது ஆள். மூணுமே தப்பு. செட்டு நல்லாத்தான் இருக்கு. அதை எந்த வேலைக்குச் செஞ்சாங்களோ அந்த வேலையை ஒழுங்கா பார்த்திருக்கு. ஒரே ஒரு குறைதான்: பேட்டரி போனதுக்கும் திருடன் வந்ததுக்கும் அதுக்கு வித்தியாசம் தெரியாது.

அது ஏன் தெரியாது, தெரியாததால யாருக்கு நஷ்டம், வடகிழக்குப் பருவமழை வர்றதுக்குள்ள நம்ம ஊர்க்காரங்க செஞ்சு வைக்க வேண்டிய ரெண்டு நிமிஷ வேலை என்ன, இதுதான் இந்தக் கட்டுரை.

திருட்டைத் தடுக்காத பூட்டு

1980, 90-களில் கார் ஸ்டீரியோ ஒரு தங்கச் சங்கிலி மாதிரி. விலை அதிகம், சைஸ் சின்னது, எல்லா காரிலும் ஒரே அளவு ஓட்டையில் பொருந்தும். கண்ணாடியை உடைச்சு ரெண்டு நிமிஷத்தில் உருவிக்கிட்டுப் போயிடலாம், அடுத்த நாளே வித்துடலாம். நியூயார்க்கில் கார் வச்சிருந்தவங்க "உள்ளே ரேடியோ இல்லை"ன்னு எழுதிக் கண்ணாடியில் மாட்டி வச்ச காலம் அது.

தடுக்கப் பல வழி பார்த்தாங்க. முழு செட்டையும் கைப்பிடி வச்சு உருவி எடுத்துட்டுப் போற மாதிரி செஞ்சாங்க. அப்புறம் முன்பக்கத் தகட்டை மட்டும் கழட்டுற மாதிரி வந்தது. நம்ம ஊரிலேயே அந்தத் தகட்டைக் கழட்டி ஒரு சின்ன டப்பாவில் போட்டு, கல்யாண மண்டபத்துக்குள்ள கையோடு எடுத்துட்டுப் போன அப்பாக்கள், மாமாக்கள் உண்டு. உங்க வீட்டில் கேட்டுப் பாருங்க.

கார் கம்பெனிகள் வேற மாதிரி யோசிச்சாங்க. கண்ணாடி உடையறதை ரேடியோவால தடுக்க முடியாது. ஆனா எடுத்துட்டுப் போன ரேடியோ வேற எங்கேயும் வேலை செய்யாதுன்னா? வாங்க ஆள் இருக்காது. வாங்க ஆள் இல்லாத பொருளைத் திருடறது வீண் வேலை. அதாவது இந்தப் பூட்டு திருட்டைத் தடுக்கல. திருட்டில் கிடைக்கிற லாபத்தை எடுத்துடுது. இன்னிக்கு உங்க போனை யாராவது எடுத்து ரீசெட் பண்ணினா, பழைய அக்கவுன்ட் பாஸ்வேர்டு கேட்குதே, அதுக்கும் இதே யோசனைதான். காருக்கு அது முன்னாடியே வந்துடுச்சு.

உள்ளே என்ன நடக்குது?

ஸ்டீரியோவுக்குப் பின்னாடி வர்ற வயர்களில் மூணை மட்டும் தெரிஞ்சுக்கிட்டா போதும். கடையில் வாங்கிப் போடுற செட்டுகளில் வழக்கமா மஞ்சள் வயர் பேட்டரியிலிருந்து நேரா வரும்; சாவி இல்லைன்னாலும் அதில் எப்பவும் 12 வோல்ட் இருக்கும். சிவப்பு வயரில் சாவியைத் திருப்பினால்தான் கரண்ட் வரும். கறுப்பு வயர் எர்த். கம்பெனி ஃபிட்டிங்கில் நிறம் மாறலாம், வேலை மாறாது.

சாவியை எடுத்ததும் சிவப்பு செத்துப் போகும், செட்டு அணைஞ்சுடும். ஆனா மஞ்சள் வழியா ஒரு சொட்டுக் கரண்ட் வந்துக்கிட்டே இருக்கும். நீங்க வச்ச எஃப்.எம். ஸ்டேஷன், கடிகாரம், பேஸ், ட்ரெபிள் எல்லாம் மறக்காம இருக்கிறது அதனாலதான். நம்ம பூட்டும் அந்த மஞ்சளைத்தான் கவனிச்சுக்கிட்டு இருக்கு.

ஹாஸ்டல் வாட்ச்மேனை நினைச்சுக்கோங்க. சேர்ந்த முதல் நாள் உங்க ஐ.டி. கார்டை வாங்கி ரிஜிஸ்டரோட ஒப்பிட்டுப் பார்ப்பார். அப்புறம் முகம் பழகிடும். தினமும் கேட்க மாட்டார். திடீர்னு ஒருநாள் அவருக்கு ஞாபகம் மொத்தமா போயிடுச்சுன்னு வச்சுக்கோங்க. ரிஜிஸ்டர் மேஜையில் அப்படியே இருக்கும். உங்க முகம் மட்டும் தெரியாது. நாலு வருஷமா அங்கேயே இருந்தாலும் "கார்டு எங்கே?"ன்னுதான் கேட்பார்.

ஸ்டீரியோவில் அந்த ரிஜிஸ்டர் ஒரு ஈஈப்ராம் சிப். கரண்ட் போனாலும் அதில் எழுதினது அழியாது. தொழிற்சாலையிலேயே உங்க செட்டுக்கான கோட் அதில் பதிவாகியிருக்கும். 'இவங்க ஏற்கனவே கோட் போட்டாச்சு'ங்கிற ஞாபகம் மட்டும் கரண்ட் இருக்கிற வரைக்கும்தான். மஞ்சள் வயரில் கரண்ட் நின்னுபோனா அந்த ஞாபகம் அழிஞ்சுடும். திரும்பக் கரண்ட் வந்ததும் மைக்ரோகன்ட்ரோலர் முதல்ல இருந்து எழுந்து, ஈஈப்ராமில் கோட் இருக்கிறதைப் பார்த்து, உங்ககிட்ட நம்பர் கேட்குது.

செட்டை உருவினவனும் மஞ்சள் வயரைத்தான் அறுத்தான். பேட்டரி மாத்தின மெக்கானிக்கும் அதே மஞ்சள் வயரைத்தான் நிறுத்தினார். உள்ளே இருக்கிற சிப்புக்கு ரெண்டும் ஒரே சிக்னல். திருட்டுங்கிற விஷயத்தை அளக்க சென்சார் இல்லை. அதனால அளக்க முடிஞ்ச ஒண்ணை, அதாவது கரண்ட் போறதை, திருட்டுக்குப் பதிலா வச்சுக்கிட்டாங்க. நாம டிசைன் ப்ராஜெக்ட்ல இதே வேலையை எத்தனை தடவை பண்றோம்னு யோசிங்க.

டெல்டாவில் கரண்ட் எப்படியெல்லாம் போகும்

முதல் காரணம், ஓடாம நிக்கிற கார். பட்டுக்கோட்டை, அதிராம்பட்டினம், மன்னார்குடி பக்கம் எத்தனையோ வீடுகளில் காரை வாங்கினவர் சிங்கப்பூரிலோ வளைகுடாவிலோ இருப்பார். கார் கொட்டகையில் இருக்கும். நின்ன காரும் கரண்ட் சாப்பிடும். கடிகாரம், அலாரம், ஈ.சி.யூ., அந்த மஞ்சள் வயர் எல்லாம் சேர்த்து 30 மில்லி ஆம்பியர்னு வைங்க. சின்ன காரின் பேட்டரி 35 ஆம்பியர்-அவர். 35-ஐ 0.03-ஆல் வகுத்தா சுமார் 1,166 மணி நேரம், அதாவது 48 நாள். செல்ஃப் எடுக்காம போறதுக்கு முழுசா தீரணும்னு இல்லை. பாதி தீர்ந்தாலே திணறும். நம்ம ஊர் வெயிலில் பேட்டரி தானாவே இறங்கறதும் சேர்ந்தா கணக்கு இன்னும் குறையும். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்து மாசக்கணக்கில் கார்கள் நின்னப்போ நிறைய வீடுகளில் இந்தக் கணக்கை நேராவே பார்த்திருப்பாங்க.

இரண்டாவது, எலி. சம்பா அறுப்பு முடிஞ்சா வயலில் இருந்த எலி வீட்டுப் பக்கம் வரும். வைக்கோல் போர் பக்கத்தில் கார் நின்னா பானெட்டுக்குள்ள குடித்தனம் வச்சுடும். வயர் இன்சுலேஷனைக் கடிச்சு, ரெண்டு செம்பு தொட்டுக்கிட்டா ஃப்யூஸ் போகும். மஞ்சள் வயருக்கான ஃப்யூஸா இருந்தா, அதைச் சரி பண்ணின பிறகு ஸ்டீரியோ கோட் கேட்கும்.

மூணாவது, லூஸ் டெர்மினல். பேட்டரி முனையில் வெள்ளையா, பச்சையா பூத்திருக்கும் உப்பு. மேடு பள்ளத்தில் குலுங்கும்போது ஒரு நொடி தொடர்பு அறுந்தாலும் போதும். உள்ளே இருக்கிற கபாசிட்டர் கொஞ்ச நேரம் தாங்கும், அவ்வளவுதான்.

நாலாவது, வெள்ளம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை நமக்கு மழைக்காலம். காருக்குள்ள தண்ணி ஏறினா, ஏறும்னு தெரிஞ்சா, பேட்டரியோட நெகட்டிவ் டெர்மினலைக் கழட்டிடறதுதான் சரியான வேலை. ஷார்ட் ஆகி ஈ.சி.யூ. போகாம காப்பாத்தும். ஆனா அந்தச் சரியான வேலையைச் செஞ்சதுக்கும் ஸ்டீரியோ கொடுக்கிற பதில் 'கோட்'தான்.

நம்பரை யூகிச்சுப் போட்டா என்ன?

நாலு இடம், ஒவ்வொண்ணிலும் 0 முதல் 9 வரை. 10 × 10 × 10 × 10 = 10,000 வாய்ப்பு. பத்து நொடிக்கு ஒண்ணு போட்டா ரெண்டு நாளில் கண்டுபிடிச்சுடலாமேன்னு தோணும். செஞ்சவங்களுக்கும் அது தோணியிருக்கு. அதனாலதான் தப்புக்குத் தண்டனை வச்சிருக்காங்க.

ஃபோக்ஸ்வாகன் செட்டுகள் பலவற்றில் ரெண்டு தடவை தப்பா போட்டா சுமார் ஒரு மணி நேரம் பூட்டிக்கும். மணிக்கு 2 முயற்சின்னா 10,000-க்கு 5,000 மணி நேரம், 208 நாள். பாதியில் அதிர்ஷ்டம் அடிச்சாலும் 104 நாள். இந்தக் காத்திருப்புக் கணக்கு செட்டு ஆன்ல இருந்தால்தான் ஓடும். அரை ஆம்பியர் இழுத்தாலும் 35 ஆம்பியர்-அவர் பேட்டரி 70 மணி நேரத்தில் காலி. காலியானா திரும்ப முதல்ல இருந்து. வேறு சில செட்டுகளில் தப்பு எண்ணிக்கை ஒரு அளவைத் தாண்டினா நிரந்தரமாவே பூட்டிக்கும். அப்புறம் செட்டைக் கழட்டிக் கம்பெனிக்கோ எலக்ட்ரானிக்ஸ் தெரிஞ்சவர்கிட்டயோதான் கொண்டு போகணும்.

இங்கே ஒரு சின்ன கணக்கு விளையாட்டு. பல ஹோண்டா செட்டுகளில் கோட் 5 எண். நாலை விட அஞ்சு பலமா இருக்கும்னு நினைப்போம். ஆனா அதில் 1 முதல் 6 வரையிலான பட்டன்கள்தான் பயன்படும். 6-இன் 5 அடுக்கு 7,776. பத்தாயிரத்தை விடக் குறைவு! பூட்டோட பலம் எண்ணோட நீளத்தில் மட்டும் இல்லை; தப்புக்கு எவ்வளவு நேரம் காக்க வைக்குதுங்கிறதில் இருக்கு. ஏ.டி.எம். கார்டுக்கு நாலே எண் போதுமா இருக்கிறதும் இதனாலதான்.

சரி, என்ன செய்யணும்?

ஒண்ணு: டிஸ்ப்ளே என்ன சொல்லுதுன்னு படிங்க. எதுவுமே வராம இருட்டா இருந்தா அது கோட் பிரச்சினை இல்லை. ஃப்யூஸ் அல்லது வயர். 'கோட்' அல்லது 'சேஃப்'னு வந்தா நம்பர் கேட்குது. 'வெயிட்', 'எர்ரர்', 'லாக்டு' மாதிரி வந்தா யாரோ ஏற்கனவே யூகிச்சு விளையாடிட்டாங்க. அப்போ கையை எடுங்க. முதல்ல பேட்டரியை நல்லா சார்ஜ் போட்டு, அப்புறம் மேனுவல் சொல்ற நேரம் வரைக்கும் செட்டை ஆன்லயே விடுங்க. நடுவில் அணைச்சா நேரக் கணக்கு திரும்ப முதல்ல இருந்து தொடங்கலாம்.

ரெண்டு: கோட் வீட்டிலேயே இருக்கான்னு தேடுங்க. கார் கூட வந்த புத்தகப் பையில் கிரெடிட் கார்டு சைஸில் ஒரு அட்டை இருக்கலாம். மேனுவலின் கடைசிப் பக்கம், டாஷ்போர்டு பெட்டியின் உள்பக்கம், சர்வீஸ் புக், சாவியோட வந்த சின்ன தகடு எல்லாத்தையும் பாருங்க. முதல் ஓனர் பேனாவால எழுதி வச்சிருக்கலாம். செகண்ட் ஹேண்ட் வண்டின்னா பழைய ஓனருக்கு ஒரு போன் போடறதில் தப்பே இல்லை.

மூணு: கிடைக்கலைன்னா செட்டோட சீரியல் நம்பர் வேணும். காரோட நம்பர் இல்லை, செட்டோட நம்பர். பல ஃபோர்டு செட்டுகளில் 1, 6 ரெண்டு பட்டனையும் சேர்த்து அழுத்திப் பிடிச்சா டிஸ்ப்ளேவிலேயே ஓடும். ஹோண்டாவில் பல செட்டுகளுக்கு 1, 6 ரெண்டையும் பிடிச்சுக்கிட்டே பவரை ஆன் பண்ணணும். மத்ததுக்குச் செட்டை வெளியே இழுத்து, மேலேயோ பக்கத்திலோ ஒட்டியிருக்கிற ஸ்டிக்கரைப் பார்க்கணும். ஒரகடத்தில் தயாராகி 2012-இல் வந்த டஸ்டர் மாதிரி ரெனோ வண்டிகளில் அந்த ஸ்டிக்கரில் ஒரு ஆங்கில எழுத்தும் மூணு எண்ணும் சேர்ந்த ஒரு குறியீடு இருக்கும்; அதை வச்சுத்தான் கோட் எடுப்பாங்க. செட்டை இழுக்க ரெண்டு சின்ன கம்பிச் சாவி உண்டு. ஸ்க்ரூ டிரைவரால நெம்பினா டாஷ்போர்டு உடையும். அக்சஸரீஸ் கடையில் சொன்னா அஞ்சு நிமிஷத்தில் எடுத்துக் கொடுப்பாங்க.

நாலு: ஆர்.சி., உங்க அடையாள அட்டை, சீரியல் நம்பர் மூணையும் எடுத்துக்கிட்டு அந்தக் கம்பெனியோட சர்வீஸ் சென்டருக்குப் போங்க. தஞ்சாவூரில் இல்லைன்னா திருச்சி. ஆர்.சி. இன்னும் பழைய ஓனர் பேரிலேயே இருந்தா இங்கேதான் மாட்டுவீங்க. செட்டு உங்களுடையதுதான்னு நிரூபிக்க உங்ககிட்ட வேற காகிதமே இல்லை. கோட் கொடுக்கும் முன்னாடி அவங்க காகிதம் கேட்கிறதைத் தொல்லைன்னு நினைக்காதீங்க. யார் கேட்டாலும் கொடுத்தா பூட்டுக்கு அர்த்தமே இல்லை.

அஞ்சு: கோட் கிடைச்சதும் நிதானமா போடுங்க. பல ஃபோர்டு செட்டுகளில் 1-ஆம் பட்டனைத் திரும்பத் திரும்ப அழுத்தி முதல் எண், 2-ஆம் பட்டனால ரெண்டாவது எண்ணுன்னு நாலையும் வர வச்சு, கடைசியில் 5-ஐ அழுத்தணும். ஹோண்டாவில் எண்களை நேராவே அழுத்தலாம். கம்பெனிக்குக் கம்பெனி மாறும். மேனுவலை ஒரு தடவை படிச்சுட்டுத் தொடுங்க.

இன்னும் ரெண்டு அறிகுறி. ஒவ்வொரு தடவை சாவியை எடுத்துட்டுத் திரும்பப் போடும்போதும் கோட் கேட்டா, மஞ்சளும் சிவப்பும் இடம் மாறிப் போயிருக்கலாம், இல்லன்னா மஞ்சளோட ஃப்யூஸ் போயிருக்கலாம். செல்ஃப் அடிக்கும்போது மட்டும் கேட்டா, ஸ்டார்ட்டர் இழுக்கிற இழுப்பில் பேட்டரி வோல்டேஜ் ரொம்பக் கீழே விழுதுன்னு அர்த்தம். பேட்டரியையும் டெர்மினலையும் செக் பண்ணுங்க. நடுரோட்டில் நிக்கிறதுக்கு ஒரு வாரம் முன்னாடியே உங்க ஸ்டீரியோ அதைச் சொல்லுது.

பேட்டரி மாத்தும்போது கரண்டே போகாம பார்த்துக்க வழி இருக்கு. ஓ.பி.டி. சாக்கெட் வழியாவோ வேற பேட்டரியிலிருந்தோ தற்காலிகமா 12 வோல்ட் கொடுக்கிற மெமரி சேவர் நல்ல கடைகளில் வச்சிருப்பாங்க. ஆனா அப்போ கழட்டின பாசிட்டிவ் கிளாம்பிலும் கரண்ட் இருக்கும், பாடியில் தொட்டா பொறி பறக்கும். அதனால தெரிஞ்சவங்ககிட்டயே விடுங்க. வெள்ளத்தில் இதை நினைச்சே பார்க்காதீங்க. அங்கே கரண்டை நிறுத்தறதுதான் நோக்கமே.

நெட்டில் கோட் கிடைக்குதே?

கிடைக்குது. சில கம்பெனிகளின் சீரியல் நம்பரைப் போட்டா கோடைச் சொல்ற கால்குலேட்டர்கள் சுத்திக்கிட்டு இருக்கு. காரணம் எளிது: அந்த செட்டுகளில் கோட் தனியா யோசிச்சு வச்ச எண் இல்லை, சீரியல் நம்பரிலிருந்து ஒரு சூத்திரத்திலோ ஒரு பட்டியலிலோ வந்த எண். சூத்திரம் ரகசியமா இருக்கும் வரை பூட்டு. கசிஞ்ச அன்னிக்கு உலகத்தில் இருக்கிற அந்த மாடல் எல்லாமே ஒரே நேரத்தில் திறந்தாச்சு.

1883-இலேயே அகுஸ்ட் கெர்க்ஹாஃப்ஸ் என்பவர் இதைப் பத்தி எழுதிட்டார்: ஒரு அமைப்பு எப்படி வேலை செய்யுதுன்னு எதிரிக்கு முழுசா தெரிஞ்சாலும், சாவி மட்டும் தெரியாம இருந்தா அது பாதுகாப்பா இருக்கணும். நெட்வொர்க் செக்யூரிட்டி பாடத்தில் ரெண்டு மார்க்குக்குப் படிக்கிறோமே, அதேதான். ஸ்டீரியோவில் சீரியல் நம்பரை ஸ்டிக்கரா ஒட்டிட்டு, அதிலிருந்தே சாவி வர்ற மாதிரி செஞ்சது அந்த விதிக்கு நேர் எதிர்.

ஆனா காசு கேட்கிற, செட்டு நம்பரோட ஆர்.சி. படத்தையும் கேட்கிற ஆட்கள்கிட்ட ஜாக்கிரதையா இருங்க. சீரியல் நம்பர் மட்டும் போதும்; ஆர்.சி.யும் ஆதாரும் ஊர் பேர் தெரியாதவங்களுக்குப் போகக் கூடாது. இன்னொண்ணு: "கம்பெனி ஸ்டீரியோ, கோட் இல்லை, பாதி விலை"ன்னு யாராவது வித்தா வாங்காதீங்க. எங்கிருந்து வந்ததுன்னு நினைச்சுப் பாருங்க. திருட்டுப் பொருள்னு தெரிஞ்சோ, நம்பக் காரணம் இருந்தோ வாங்கறது பாரதிய நியாய சன்ஹிதாவின் 317-ஆவது பிரிவில் குற்றம்.

யார் தலையில் விழுது?

திருடனுக்காக வச்ச பூட்டு. ஆனா தினமும் அதில் மாட்டறது திருடன் இல்லை. புது கார் வாங்கினவரும் இல்லை. அவர்கிட்ட அட்டை இருக்கு, ஷோரூம் இருக்கு. மாட்டறது மூணாவது, நாலாவது ஓனர். டாக்சியா ஓட்டறவர், அறுவடைக் காசில் பழைய வண்டி வாங்கினவர். கார் கை மாறும்போது சாவி மாறுது, ஆர்.சி. மாறுது, இன்ஷூரன்ஸ் மாறுது. அந்தச் சின்ன அட்டை மட்டும் எங்கேயோ தவறிப்போகுது. நல்லா இருக்கிற செட்டைத் தூக்கிப் போட்டுட்டு சில ஆயிரம் ரூபாய்க்குப் புதுசு வாங்கறது அவர்தான்.

கம்பெனியே போயிட்டா? 2021 செப்டம்பரில் இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்துறதா ஃபோர்டு அறிவிச்சுது. சென்னைக்குப் பக்கத்தில் மறைமலை நகர் ஆலையில் 2022-இல் உற்பத்தி நின்னுடுச்சு. சர்வீஸ் தொடரும்னு அப்பவே சொன்னாங்க. ஆனா ஆலை நின்ன பிறகும் அந்த கார்கள் நம்ம ரோட்டில் பல வருஷம் ஓடும். ஒவ்வொரு வருஷமும் ஓனர் மாறும். சாவி உங்க கையில் இல்லாம கம்பெனியோட கம்ப்யூட்டரில் மட்டும் இருக்கிற எந்தப் பொருளுக்கும் இந்தக் கேள்வி உண்டு.

புது கார்களில் இந்த நாலு எண் தொல்லை குறைஞ்சிருக்கு. கேன் பஸ் வழியா செட்டு காரோட சேஸ் நம்பரைத் தானே விசாரிச்சு, "அதே வண்டிதான்"னு தெரிஞ்சா கோட் கேட்காம பாட ஆரம்பிச்சுடும். கடைசியில் பேட்டரியைப் பார்க்காம காரையே பார்க்கிற சென்சார் வந்துடுச்சு. அதுக்கும் ஒரு விலை இருக்கு: பழைய வண்டியிலிருந்து கழட்டின நல்ல செட்டை நேர்மையா வாங்கி மாட்டினாலும் கம்பெனி கம்ப்யூட்டர் இல்லாம அது எழுந்திருக்காது. 2022 டிசம்பர் 24-இல் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 'பழுது பார்க்கும் உரிமை'க்காக ஒரு இணையதளம் தொடங்கினப்போ, அதில் சேர்த்த நாலு துறைகளில் மோட்டார் வாகனமும் ஒண்ணு, விவசாயக் கருவியும் ஒண்ணு. ரெண்டுமே நம்ம டெல்டாவோட கவலை.

ஒரு ரேடியோவுக்கு இவ்வளவா?

பாட்டு போன்ல கேட்டுக்கலாமேன்னு நீங்க நினைக்கலாம். சாதாரண நாளில் சரி. 2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவில் கரையேறினப்போ ஆயிரக்கணக்கான மின்கம்பங்கள் சாஞ்சுது. பல கிராமங்களில் நாள்கணக்கா கரண்ட் இல்லை, டவர் இல்லை. அப்படி ஒரு நேரத்தில் சார்ஜ் தேவைப்படாத, சிக்னல் பார் தேவைப்படாத ஒரு ரிசீவர் வீட்டு வாசலிலேயே நிக்குது: கார் பேட்டரியில் ஓடுற ரேடியோ.

இந்த மண்ணுக்கு ரேடியோ புதுசும் இல்லை. திருச்சி வானொலி 1939-இல் தொடங்கினது. 1960-களில் ஆடுதுறை 27 நெல் ரகம் தஞ்சை மாவட்டத்தில் பரவினப்போ, விவசாயிகள் அதைப் பத்தி வானொலியில் கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டதால 'ரேடியோ நெல்'னே அதுக்குப் பேர் வந்துடுச்சு. எப்போ நாத்து விடணும், எப்போ தண்ணி வடிக்கணும்னு காதால கேட்டு விவசாயம் பண்ணின ஊர் இது.

இப்போ ரெண்டையும் சேர்த்துப் பாருங்க. புயல் வருது, தண்ணி ஏறுது, நீங்க புத்திசாலித்தனமா பேட்டரியைக் கழட்டுறீங்க. தண்ணி வடிஞ்சு, காய வச்சு, மெக்கானிக் பார்த்து, திரும்ப மாட்டி, செய்தி கேட்கலாம்னு ரேடியோவைத் திருப்புறீங்க. அது கேட்குது: கோட்? சர்வீஸ் சென்டர் மூடியிருக்கு. நெட் இல்லை. அட்டை எங்கேன்னு யாருக்கும் தெரியாது. ரேடியோ தேவைப்படுற அதே நாளில்தான் அது உங்களைத் திருடன்னு சந்தேகப்படும்.

அதனால இந்த வாரக் கடைசியில் ஊருக்குப் போனா ரெண்டு நிமிஷம் ஒதுக்குங்க. கார் புத்தகப் பையைத் திறந்து அந்த அட்டையைத் தேடுங்க. கிடைச்சா போட்டோ எடுத்து வீட்டில் ரெண்டு பேர் போனில் வைங்க. ஒரு தாளில் எழுதி ஆர்.சி., இன்ஷூரன்ஸ் இருக்கிற ஃபைலில், வீட்டுக்குள்ள வைங்க. காருக்குள்ள மட்டும் வைக்காதீங்க, திருடனுக்கும் சேர்த்துக் கொடுத்த மாதிரி ஆயிடும். கிடைக்கலைன்னா செட்டு நல்லா பாடிக்கிட்டு இருக்கும்போதே சீரியல் நம்பரை எடுத்து சர்வீஸ் சென்டரில் கேட்டு வாங்கிடுங்க. காரை விக்கும்போது சாவியோட அந்தத் தாளையும் கொடுங்க. வாங்கும்போது சாவியோட அதையும் கேளுங்க.

நாலே நாலு எண். அக்டோபருக்குள்ள எடுத்து வச்சிடுங்க.